சைக்கிளுக்கு ஏற்ற தோல் சீட்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் பலருக்கு இன்றும் சைக்கிளே வாகனம். மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டபோதிலும், சங்கத்தில் நூற்சிட்டம் வாங்கிச் செல்லும் நெசவாளரும், வாழைத் தோட்டத்திற்குச் சென்று வரும் விவசாயியும் சைக்கிளை விட்டுவிடவில்லை. சைக்கிள் வாங்கும்போது டயரை அழுத்திப் பார்க்கிறோம். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்க்கிறோம். மணியைக்கூட அடித்துப் பார்க்கிறோம். நம் உடலின் பாரத்தைத் தாங்கும் சீட்டை மட்டும் கவனிப்பதில்லை. வண்டியோடு வந்ததுதானே என்று இருந்துவிடுகிறோம். இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று என்பதை என் சொந்தத் தவறு ஒன்றின் மூலமே நான் அறிந்துகொண்டேன். அதை முதலில் கூறிவிடுதல் முறை.

உறையூர்ப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட்டபோது, பெண் அங்கத்தினர் ஒருவர் நூல் வாங்க வரவேண்டிய நாட்களில் இருமுறை வராதிருந்ததையும், அதனால் அவருடைய தறி ஓய்ந்திருந்ததையும் கண்டேன். பார்வைக் குறிப்பில் ‘அங்கத்தினருக்கு அக்கறை போதாது’ என்று எழுதிவிட்டேன். அருகில் தார் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அதை யாரோ படிக்கக் கேட்டு என்னிடம் வந்தார். “அது சோம்பல் இல்லை தம்பி. ஒன்பது கிலோமீட்டர் அந்தச் சைக்கிளிலே வந்து போனால் அவளுக்கு இரண்டு நாள் குழித்தறியிலே உட்கார முடியவில்லை. இதை ஆம்பிளைகளிடம் எப்படிச் சொல்லுவாள்?” என்றார்.

அவ்வம்மையார் ஓட்டியது கணவருடைய சைக்கிள். அதன் சீட் குறுகலானது. கெட்டியான பிளாஸ்டிக் ஓட்டின்மேல் ரெக்சின் போர்த்தது. உட்கார்ந்து உழைத்தே பிழைக்கும் ஒருவருக்கு உட்காரும் இடம் புண்பட்டால் கூலியே நின்றுவிடும் என்பது எனக்குத் தோன்றாமற் போயிற்று. வெட்கமாக இருந்தது.

இத்தனைக்கும், அப்போது நானே அதே உபத்திரவத்தில் இருந்தேன். திருச்சியிலிருந்து கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு சுமார் 18 கிலோமீட்டர். அப்பக்கத்து விவசாயச் சங்கங்களுக்குச் சைக்கிளிலேயே போய்வருவது என் வழக்கம். பிரயாணம் சுகமாக இருக்கட்டும் என்று, நகரத்துக் கடை ஒன்றில் இருப்பதிலேயே பருத்த மெத்தைச் சீட்டாகப் பார்த்து வாங்கி மாட்டியிருந்தேன். முத்தரசநல்லூர் தாண்டும்போதே கால்களின் இடையில் மரத்துப்போகும். சங்கத்தை அடைந்ததும் நின்றபடியே இருப்புச் சரிபார்ப்பேன். உறையூர்ச் சங்கத்திலும் அவ்விதம் நான் நிற்பதைக் கண்ட வயதான நெசவாளர் ஒருவர், காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். “நாங்கள் நாற்பது வருஷமாகப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறோம் சார். மெத்தையில் உட்கார்ந்து எவனாவது தறி நெய்தானா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இவ்விஷயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மிருதுவாயிருப்பது வேறு, சௌகரியமாயிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதே நம்மிற் பெரும்பாலோர் செய்யும் பிழை.

பாரம் தங்கும் இடம்

நாம் உட்காரும்போது உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு எலும்பு முனைகள் அமைந்துள்ளன. பலகையின்மேல் உட்கார்ந்து, உள்ளங்கையை அடியில் வைத்துச் சிறிது அசைந்தால் அம்முனைகள் கையில் உறுத்துவதை யாரும் உணரலாம். அவ்விரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள சதைப்பகுதி பாரம் தாங்குவதற்கு ஏற்பட்டதன்று. அதன் வழியாக நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்கின்றன. அவை நெருக்கப்பட்டால் மரத்துப்போதல் உண்டாகிறது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை நாம் அறிவோம். 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டியதன் நோக்கமே, எந்தக் கிளையில் எவ்வளவு நீர் செல்லவேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதுதான். நல்ல சீட்டும் இத்தகையதொரு வேலையையே செய்கிறது. உடலின் பாரத்தை இரண்டு எலும்புகளுக்கும் பிரித்து அனுப்புகிறது. நடுத்திட்டின்மேல் வெள்ளம் ஏறாமற் காக்கிறது.

பருத்த மெத்தைச் சீட் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. எலும்பு முனைகள் பஞ்சில் அமிழ்கின்றன; அமிழ்ந்தவுடன் நடுவிலுள்ள பஞ்சு மேலே பிதுங்கி மெல்லிய சதையை அழுத்துகிறது. கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. ஒரு மணி நேரம் ஓட்டியவருக்கே தெரியும். கடைத்தெருவுக்குப் போய்வரும் தூரத்திற்கு மெத்தை போதும். நாள்தோறும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுவோருக்கு அது உதவாது.

தோல் சீட்டின் அமைப்பு

தோல் சீட்டில் மெத்தையே கிடையாது. நான்கு, ஐந்து மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட தடிப்புள்ள ஒரே துண்டுத் தோலை, பின்புறத்து வளைந்த இரும்புத் தகட்டிலும் முன்புறத்து மூக்கிலும் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் அடியிலே எதுவும் இல்லை. தோல் அந்தரத்தில் தொங்குகிறது. நம் வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் தத்துவமும் இதுதான். கட்டில் தொய்ந்தால் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறோமல்லவா? தோல் சீட்டிலும் மூக்கின் அடியில் அதற்கென ஒரு திருகாணி உண்டு.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866-இல் குதிரைச் சேணம் முதலிய தோற்சாமான்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிறகு சைக்கிள் சீட்டில் கருத்தைச் செலுத்தி, 1882-இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் பெயரால் அமைந்த கம்பெனியின் தோல் சீட்டுகள் இன்றும் விற்பனையாகின்றன. நம் மாநிலத்தில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகளை அனுப்பத் தொடங்கிய காலத்தில், கனத்த சைக்கிள்களுக்குச் சுருள்வில் வைத்த தோல் சீட்டே சாதாரணமாக இருந்தது. இப்போது புதிய வண்டிகளில் பெரும்பாலும் ரெக்சின் போர்த்த சீட்டே வருகிறது. ஆகவே, தோல் சீட் வேண்டுவோர் தனியாகத் தேடித்தான் வாங்கவேண்டும்.

தோல் சீட்டின் சிறப்பு அது நாளடைவில் உரியவரின் உடலுக்குத் தக்கபடி படிந்துகொள்வதே. எலும்பு முனைகள் படும் இரண்டு இடங்களிலும் சிறு குழிகள் விழுகின்றன. மற்றப் பகுதி விறைப்பாகவே நிற்கிறது. நாள்பட அணிந்த செருப்பு அவரவர் பாதத்திற்கு அமைந்துவிடுவதைப் போன்றதே இது. அன்றியும், தோலில் காற்றுப் புகும், வியர்வை தேங்காது. நம் கோடையில் இது சிறிய நன்மையன்று.

எத்தகைய தோல் வேண்டும்?

தோலைப் பற்றித் திருச்சி மாவட்டத்தாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செம்பட்டிலே நெடுங்காலமாகத் தோல் பதனிடும் சாலைகள் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் முறை தென்னாட்டுக்கு உரியது. அந்தத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரால் அயல்நாடுகளில் அறியப்பட்டது. 1948-இல் சென்னை அடையாறில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலின் நுட்பங்களை ஆராய்ந்து வருகிறது.

சீட்டுக்கு ஏற்றது பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோலே. அத்தோல் விறைப்பாயிருக்கும், அழுத்தினால் அழுத்திய வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மிருதுவானது. பைக்கும் காலணியின் மேற்புறத்திற்கும் நல்லது. ஆனால், சீட்டுக்கு இழுத்துக் கட்டினால் நீண்டு தொய்ந்துவிடும். மாட்டுத் தோலிலும் முதுகுப் பகுதியே உறுதியானது. வயிற்றுப் பகுதி நெகிழும். ஆட்டுத் தோல் இதற்குப் போதிய தடிப்புள்ளதன்று.

கடையில் இதைச் சோதிப்பது எவ்வாறு? சீட்டைத் தலைகீழாகப் பிடித்து அடிப்புறத்தைப் பாருங்கள். உண்மையான தோலின் அடிப்புறம் நுண்ணிய நாருடன் சொரசொரப்பாயிருக்கும். அட்டையோ, துணியோ, பிளாஸ்டிக்கோ தெரிந்தால் மேலே இருப்பது வெறும் போர்வை. ஓரம் வெட்டிய இடத்தில் தோல் ஒரே கனமாக இருக்கவேண்டும்; ஏடு ஏடாகப் பிரியக்கூடாது. கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சிறிதே இறங்கி உடனே மீளவேண்டும். அழுத்திய இடத்தில் வெடிப்புத் தெரிந்தால் அது காய்ந்துபோன சரக்கு.

அகலத்தை அளக்கும் முறை

தோல் எவ்வளவு நல்லதாயினும் அகலம் பொருந்தாவிட்டால் பயனில்லை. பெரும்பாலோருக்கு எலும்பு முனைகளின் நடுவே உள்ள தூரம் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் அமையும். பெண்களுக்குப் பொதுவாக இது சற்று அதிகம். ஆளின் பருமனைக் கொண்டு இதை ஊகிக்க முடியாது. மெலிந்தவருக்கும் அகன்ற எலும்பு உண்டு. எனவே அளந்தே அறியவேண்டும். அளப்பதை வீட்டில் தனியாகவே செய்துகொள்ளலாம். பிறரிடம் கூறக் கூச்சப்படுவோருக்கு இது மிகவும் உகந்தது.

சாமான்கள் வரும் அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டை ஒன்றை எடுத்து, மரப்பலகை அல்லது திண்ணையின்மேல் வைத்து, மெல்லிய உடையோடு அதன்மேல் உட்காருங்கள். முழங்கால்களைச் சற்று உயர்த்திச் சிறிது முன்னே குனிந்து, ஒரு நிமிஷம் அசையாதிருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். பள்ளங்களின் மையத்திலிருந்து மையத்திற்கு அளவுகோலை வைத்து அளந்து கொள்ளுங்கள்.

இந்த அளவுக்கு மேல் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அதிகமுள்ள அகலமே தோல் சீட்டின் பின்புறத்திற்குத் தேவை. தோல் சீட்டின் பின் ஓரத்தில் இரும்புத் தகடு இருப்பதே இதற்குக் காரணம். எலும்பு தகட்டின்மேல் விழாமல், அதற்கு உட்பட்ட தோலின்மேல் விழவேண்டும். உதாரணமாக, முன்னே குனிந்து வேகமாக ஓட்டுவோருக்கான புரூக்ஸ் பி 17 என்னும் சீட் 17.5 சென்டிமீட்டர் அகலமுள்ளது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவோருக்கான பி 67 என்னும் சுருள்வில் சீட்டோ 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது. நிமிர்ந்து உட்காருந்தோறும் பாரம் முழுவதும் பின்புறத்தில் இறங்குவதால் அகலமும் வில்லும் தேவைப்படுகின்றன. நம் அங்கத்தினர்கள் ஓட்டும் வண்டிகள் பெரும்பாலும் நிமிர்ந்து ஓட்டும் வகையே. ஆகவே, அகன்ற, வில்லுள்ள சீட்டே நமக்கு ஏற்றது.

பெண்கள் விஷயத்தில் இதை மீண்டும் வற்புறுத்த வேண்டியிருக்கிறது. நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்று, தாமே தம் வேலைகளுக்குப் போய்வரத் தொடங்கினர். வீட்டிலிருந்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டியவரும் பலர். வண்டி யாருடையதாயினும் சரி. சீட் மட்டும் ஓட்டுபவருக்கு உரியதாக இருத்தல் வேண்டும். இரண்டு நட்டுகளைத் தளர்த்தினால் மாற்றிவிடக்கூடிய பொருள்தான் அது.

பொருத்தும் முறை

நல்ல சீட்டையும் தவறாகப் பொருத்தினால் வலியே மிஞ்சும். மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, உயரம். பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. சீட் தாழ்ந்திருந்தால் பாரம் முழுவதும் சீட்டின்மேலேயே கிடக்கும், முழங்காலும் நோகும். தண்டை உயர்த்தும்போது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

இரண்டாவது, சாய்வு. கொத்தனாரின் ரசமட்டத்தைச் சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்துச் சமமாக்குங்கள். மூக்கு மிகவும் உயர்ந்தால் நடுப்பகுதி நெருக்குண்டு மரத்துப்போகும். மிகவும் தாழ்ந்தால் உடல் முன்னே வழுக்கிக் கைகள் மரக்கும். சமத்திலிருந்து தொடங்கி, தேவையானால் சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, முன்பின் நிலை. கைகளை முழுவதும் நீட்டாமல் ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியவேண்டும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் நாம் அறியாமலே மூக்கின்மேல் நகர்ந்து உட்காருவோம்.

மரத்துப்போதலை அலட்சியம் செய்யவேண்டாம். பத்து நிமிஷத்திற்கு ஒருமுறை பெடலின்மேல் எழுந்து நின்று இரத்த ஓட்டத்திற்கு இடங்கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் நலனை ஆராயும் அரசாங்க நிறுவனம், சைக்கிளில் ரோந்து செல்லும் காவலர்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவுகள், மூக்கில்லாத சீட்டுக்கு மாறியபின் அவர்களிடம் மரத்துப்போதல் வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. சீட்டை மாற்றியும், சரியாகப் பொருத்தியும் குறை நீங்காதவர் வெட்கப்படாமல் மருத்துவரைக் காணவேண்டும்.

பழக்குதலும் பாதுகாப்பும்

புதுத் தோல் சீட் முதலில் கெட்டியாகத்தான் இருக்கும். அது படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டவேண்டும். அதாவது, திருச்சியிலிருந்து முக்கொம்புக்குப் பத்து, பதினைந்து தடவை போய்வரும் தூரம். இதில் அவசரப்பட்டு எண்ணெயில் ஊறவைப்போர் உண்டு. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தோலை அளவுக்கு மீறி இளக்கித் தொய்யச் செய்துவிடும். தோலுக்கென விற்கும் மெழுகுப் பசையை அடிப்புறத்தில் தாராளமாகவும், மேற்புறத்தில் மெல்லியதாகவும் தடவித் துடைத்தால் போதும். பிறகு ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை இவ்வாறு செய்தல் நன்று.

நீர் தோலுக்குப் பகை. மழையில் நிறுத்தும்போது பாலிதீன் பை ஒன்றைச் சீட்டின்மேல் மாட்டிவிடுங்கள். பின்சக்கரத்து மட்கார்டு ஒழுங்காக இருந்தால் அடிப்புறமும் நனையாது. தவறி நனைந்துவிட்டால், நனைந்த சீட்டில் ஓட்டவேண்டாம், ஈரத்தோல் நீண்டுவிடும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல் நிழலில் உலர்த்தி, உலர்ந்தபின் மெழுகு இடவேண்டும். மேலே கூறிய வயதான நெசவாளர் வீட்டில், அவருடைய தகப்பனார் ஓட்டிய சைக்கிளின் தோல் சீட்டைப் பார்த்தேன். கொல்லையில் வெயிலிலும் மழையிலும் கிடந்து அப்பளம்போல் விரிந்து வெடித்திருந்தது. “இரண்டு தலைமுறைக்கு வரவேண்டியது சார். கவனிக்காமல் விட்டோம்” என்றார்.

மூக்கின் அடியிலுள்ள திருகாணியைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. பாவின் இழுப்பை அறிந்த நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். பாவு தொய்ந்தால் துணி சீராக வராது. அளவுக்கு மீறி இழுத்தால் இழை அறும். தோலும் அப்படியே. உட்காரும்போது தோல் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்தால் மட்டுமே, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேற்படாமல் முறுக்கவேண்டும். மாதந்தோறும் முறுக்கிக்கொண்டிருப்பவர் ரிவெட் துளையில் தோலைக் கிழித்துக்கொள்வார்.

சங்கங்களுக்கு ஒரு யோசனை

வெளிநாட்டுத் தோல் சீட் ஒன்றின் விலை ஒரு சாதாரணச் சைக்கிளின் விலைக்குக் குறைவதில்லை. அதை வாங்குங்கள் என்று எல்லோருக்கும் நான் சொல்லமாட்டேன். பழைய சைக்கிள் கடைகளிலும் பழஞ்சாமான் கடைகளிலும் நல்ல நிலையில் உள்ள பழைய தோல் சீட்டுகள் கிடைப்பதுண்டு. வெடிப்பு, ரிவெட் துளையில் கிழிசல், ஒடிந்த வில், வளைந்த கம்பி ஆகிய நான்கும் இல்லையென்றால் அவற்றைத் தயங்காமல் வாங்கலாம். ஒருவருக்குப் படிந்த குழிகள் மற்றொருவருக்குச் சரியாக அமையாதென்பதால், அதிகம் உழைக்காத சீட்டைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

தனி ஒருவர் பல சீட்டுகளை வாங்கிச் சோதிக்க இயலாது. பலர் சேர்ந்தால் இயலும். நிர்வாகக் குழு தீர்மானித்து, துணைவிதிகள் இடந்தருமானால், குறுகியதும் அகன்றதுமாக இரண்டு சீட்டுகளையும் ஒரு ஸ்பேனரையும் சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பார்த்துத் தமக்கு ஏற்ற அகலத்தை அறிந்து, பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும். எடுத்தவர் பெயரும் தேதியும் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

உறையூர்ச் சங்கத்து அம்மையார் மூதாட்டியின் துணையுடன் அட்டையில் அளவு பார்த்தார். அகன்ற பழைய தோல் சீட் ஒன்று பழஞ்சாமான் கடையில் கிடைத்தது. சங்கத்து எழுத்தரே அதை மாட்டிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் சிறிது கடினமாயிருந்ததாம். அதற்குப்பின் நான்கு மாதங்களாக நூல் வாங்கும் நாளில் அவர் தவறவில்லை. நானும் என் மெத்தைச் சீட்டைக் கழற்றிவிட்டுத் தோல் சீட்டில்தான் முக்கொம்புக்குச் சென்று வருகிறேன்; இப்போது உட்கார்ந்தே கணக்குப் பார்க்கிறேன்.

அடுத்த பார்வையின்போது என் பழைய குறிப்பின்கீழ், ‘மேற்கண்ட குறிப்பு தவறானது, அங்கத்தினர் வராமைக்குக் காரணம் உடல் உபாதை, அது நீங்கிவிட்டது’ என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் செய்தேன். சங்கங்களில் வரவு குன்றிய அங்கத்தினர் யாரேனும் இருப்பின், அவருடைய கணக்கைப் பார்ப்பதற்கு முன் அவர் வந்த வண்டியை ஒருமுறை பார்க்கும்படி செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.